குப்புசாமி வீட்டுக்கு யார் பதில் சொல்வது

எங்கள் அக்காவின் பதினாறாம் நாளுக்கு வந்து இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், ஊராருக்கும், செஞ்சியிலிருந்து வந்திருக்கும் நண்பர்களுக்கும் அக்காவின் தங்கை வணங்கி எழுதுவது.

அச்சகத்திலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். படங்கள், பதிகங்கள், உறவினர் பெயர்கள் எல்லாம் கொடுத்தாகிவிட்டது. இந்தப் பக்கம் மட்டும்தான் பாக்கி. நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். துக்கம் மட்டும் காரணமல்ல. கடைசி நாட்களில் அக்காவிடம் நான் ஒரு பொய் சொன்னேன். அது ஊர் சம்பந்தப்பட்ட பொய். அதை மறைத்து, அவருடைய நல்ல குணங்களை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை. ஊரார் கைக்கும் இந்த மலர் போகப்போகிறது என்பதால் எழுதவும் பயமாக இருக்கிறது.

அக்கா பிறந்தது, வளர்ந்தது, பெரும்பாலும் வாழ்ந்தது எல்லாம் கல்லேரிக்குப்பத்தில்தான். நகரத்து நண்பர்களுக்காக ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். செஞ்சியில் அவலூர்பேட்டை பஸ் ஏறி, பால் சொசைட்டி நிறுத்தத்தில் இறங்கி உள்ளே நடந்தால் இருபது நிமிடம். இரண்டு தெருக்கள், ஒரு மாரியம்மன் கோயில், ஓர் ஆரம்பப் பள்ளி, ஓர் ஏரி. ஏரிக்கு மேலே பாறைக் குன்று. குன்றில் பெய்யும் மழையை ஏரிக்குக் கொண்டுவர ஒரு வரத்து வாய்க்கால் இருக்கிறது. அந்த வாய்க்கால் தூர்ந்தால் ஏரி இல்லை. ஏரி இல்லாவிட்டால் ஊர் இல்லை.

ஊரின் வரலாறு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. மதகுக் கல்லில் ஏதோ எழுத்துகள் இருந்தனவாம். நாங்கள் சிறுமிகளாக இருந்தபோதே அவை துணி துவைத்துத் துவைத்துத் தேய்ந்துபோயிருந்தன. எங்கள் ஊருக்கு இருக்கும் ஒரே சரித்திரம், ஊர்ப் பெரியவர் வீட்டில் இருக்கும் ஒரு நீள நோட்டுதான். அதில் நாற்பத்திரண்டு வீடுகளின் பெயர்கள் இருக்கின்றன. நோட்டு செல்லரித்துப் போனால் புதிய நோட்டில் அப்படியே பார்த்து எழுதுவார்கள். பெயர்களை மாற்றுவதில்லை. ஆகவே அதில் இருப்பவர்கள் எல்லாரும் எப்போதோ இறந்துபோனவர்கள். எங்கள் வீட்டின் பெயர் குப்புசாமி வீடு. எங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்; குப்புசாமி அவருடைய தாத்தா. நைனாவே அவரைப் பார்த்ததில்லை.

வைகாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் வாசலில் ஊர் கூடும். பெரியவர் நோட்டைப் பிரித்து ஒவ்வொரு பெயராகப் படிப்பார். அந்த வீட்டைச் சேர்ந்தவர் "இருக்கோம்" என்று சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் மறுபடி படிப்பார். மூன்றாம் முறையும் பதில் இல்லையென்றால் பெயருக்கு நேரே ஒரு கோடு. பதில் சொன்ன வீடு ஆடி முதல் ஞாயிறு வாய்க்கால் வேலைக்கு ஓர் ஆள் அனுப்ப வேண்டும். அந்த வீட்டுக்கு ஏரித் தண்ணீரில் முறை உண்டு. அந்த வீட்டில் ஒரு சாவு விழுந்தால், மற்ற எல்லா வீட்டிலிருந்தும் ஒரு விறகுக் கட்டையும் நான்கு வரட்டியும் வந்து சேரும். கோடு விழுந்த வீட்டுக்குத் தண்ணீரும் கிடையாது, விறகும் வராது. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் போய்விட்ட சில வீடுகளுக்கு நேரே கோடு விழுந்திருக்கிறது. கோடு போடும்போது யாரும் பேச மாட்டார்கள்.

எங்கள் வீட்டில் ஆண் பிள்ளை இல்லை. அக்காவும் நானும்தான். அக்காவைத் தொண்டூரில் கட்டிக்கொடுத்தார்கள். மூன்றாம் ஆண்டே மாமா காய்ச்சலில் போய்விட்டார். குழந்தையும் இல்லை. அக்கா ஒரு டிரங்குப் பெட்டியோடு ஊருக்குத் திரும்பி வந்தார். அப்போது நான் பன்னிரண்டாம் வகுப்பு. அரை ஏக்கர் மல்லாட்டையையும், அதாவது நிலக்கடலையையும், இரண்டு மாடுகளையும் வைத்துக்கொண்டு என்னைக் கல்லூரி வரை படிக்க வைத்தது நைனா மட்டுமல்ல, அக்காவும்தான். திருவண்ணாமலையில் நான் விடுதியில் இருந்தபோது மாதம் ஒரு முறை வறுத்த மல்லாட்டை மூட்டையோடு வந்து வாசலில் நிற்பார். "படிக்கிறியா, இல்ல பயந்துக்கினே உக்காந்துக்கினு இருக்கியா?" என்பதுதான் முதல் கேள்வி. என் சுபாவம் அவருக்குத் தெரியும்.

நைனா காலமான அடுத்த வைகாசியில் நடந்தது எனக்கு இன்னும் கண்முன் இருக்கிறது. அப்போது எனக்குத் திருமணமாகி, கைக்குழந்தையோடு ஊருக்கு வந்திருந்தேன். பெரியவர் ஏழுமலை பெரியப்பா நோட்டைப் படித்துக்கொண்டே வந்தார்.

"குப்புசாமி வூடு."

ஆண்கள் பக்கம் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

"குப்புசாமி வூடு."

பெண்கள் பக்கத்திலிருந்து அக்கா எழுந்து நின்று, "இருக்கோம்" என்றார்.

சிரிப்பு கிளம்பியது. அதற்கு முன் எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் பதில் சொன்னதில்லை. மேலத்தெரு கோதண்டம் மாமாதான் முதலில் வாயைத் திறந்தார். வாய்க்காலில் எங்கள் வீட்டுப் பங்கை அடுத்து அவர் வீட்டுப் பங்கு.

"இன்னா ஏழுமல, பொம்பள கொரலு கேக்குது? மைக் செட்டு மாத்திட்டியா?"

"மாமா, வாய்க்கால்ல மண்ணு அள்றது கொரலா, கையா?" என்று கேட்டார் அக்கா.

"கையிதான்."

"அப்ப கைய பாத்துட்டு பேசு. கொரல ஏன் பாக்கற?"

"ஆடி மொத ஞாயிறு கூடையத் தூக்கிக்கினு வா. உன் கைய பாக்கறேன், வாய பாக்கறேன், எல்லாத்தையும் பாக்கறேன்."

பெரியப்பா தலையைச் சொறிந்துகொண்டார். பதில் வந்தால் எழுத வேண்டும், யார் குரல் என்று நோட்டில் இடமில்லை என்று சொல்லி எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும், "ஏன்க்கா இந்த வேல? ஊரெல்லாம் சிரிக்கறாங்க" என்று அழுதேன். அக்கா அடுப்பை ஊதிக்கொண்டே, "சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. கோடு போட்டா யாரு அழிப்பாங்க?" என்றார்.

அந்த ஆடியில் தொடங்கி இருபது ஆண்டுகள், ஓர் ஆண்டுகூட விடாமல், அக்கா எங்கள் வீட்டுப் பங்கைத் தூர்வாரினார். எட்டு முழ நீளம், இடுப்பளவு ஆழம். கோதண்டம் மாமா தம்முடைய பங்கை முடித்துவிட்டுக் கரையில் உட்கார்ந்து, "இந்தாண்ட ஒரு சாண் கொறையுது" என்பார். "உன் கண்ணுதான் மாமா கொறையுது. செஞ்சியில போயி காட்டு" என்பார் அக்கா. ஒவ்வோர் ஆண்டும் அதே பேச்சு. சண்டை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

செஞ்சியில் என் கணவரின் கடையும், நான் வேலை பார்க்கும் பள்ளியுமாக எங்கள் வாழ்க்கை ஓடியது. எட்டு மைல் தூரத்தில் இருக்கும் ஊருக்கு நான் போவது குறைந்துபோனது. மகள் பள்ளிக்குப் போனால் வந்து சேரும்வரை எனக்குப் பயம். இப்போது திண்டிவனத்தில் கல்லூரிக்குப் போகிறாள், இப்போதும் பயம்தான். பஸ் ஏறினாயா, இறங்கினாயா என்று போன் போட்டுக்கொண்டே இருப்பேன். "உன் தொல்ல தாங்காம அந்த போனு ஒரு நாளு எங்கனா ஓடிப் போவப் போவுது பாரு" என்று அக்கா கேலி செய்வார். மகளுக்குப் பெரியம்மா என்றால் உயிர். வாய்க்கால் வேலைக்குத் தானும் வருகிறேன் என்று ஒவ்வோர் ஆடியிலும் கேட்பாள். வெயில், பாம்பு, கருவேல முள் என்று ஏதாவது சொல்லி ஒவ்வோர் ஆடியிலும் நான் நிறுத்திவிடுவேன்.

இந்த ஆண்டு சித்திரையில் அக்காவுக்குக் கால் வீக்கம் கண்டது. மூச்சும் வாங்கியது. நான் செஞ்சிக்கு அழைத்து வந்தேன். மருத்துவர் பரிசோதித்துவிட்டு, இதயம் பலவீனமாக இருக்கிறது, நடக்கவே கூடாது என்றார். அப்போது வைகாசி பிறந்துவிட்டது. கடைசி ஞாயிறு நெருங்க நெருங்க அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"என்ன பஸ்ஸுல ஏத்தி உட்டுடு. போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடறேன்."

"நடக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கக்கா."

"நடக்க எங்க போறேன்? வாய்தான தொறக்கப் போறேன்."

சனிக்கிழமை மாலை அவருடைய செருப்பையும் பையையும் எடுத்துப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். என்னை வளர்த்தவருடைய செருப்பை ஒளித்து வைத்தேன். இதை எழுதும்போது உடம்பு கூசுகிறது. காலையில் அவர் வாசலில் செருப்பைத் தேடியதை நான் சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் தேடிவிட்டு, ஒன்றும் கேட்காமல் வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"அப்ப நீயாவது போயிட்டு வாடி."

"உன்ன உட்டுட்டு எப்பிடிக்கா போவேன்?"

"போனாவது போடு. இப்பலாம் போன்ல சொன்னாலும் எழுதிக்கிறாங்க."

ஏழுமலை பெரியப்பாவுக்கு ஒரு முறை போன் போட்டேன். மணி அடித்து நின்றது. அந்த நேரத்தில் அக்காவுக்கு இருமல் வந்து மூச்சுத் திணறியது. ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடினோம். வீடு திரும்பும்போது பகல் ஒரு மணி. கூட்டம் எப்போதோ கலைந்திருக்கும். படுத்தபடியே அக்கா கேட்டார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்க்கா. எழுதிக்கிட்டாங்க."

"யாருகிட்ட சொன்ன?"

"பெரியப்பாகிட்ட."

"கோதண்டம் மாமா ஒண்ணும் சொல்லலியா?"

"இல்ல."

"அது எப்பிடி? அந்த ஆளு சும்மாவா இருந்தாரு?" என்று சிரித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். நம்பினாரா என்று எனக்குத் தெரியாது.

மறுநாளே போன் செய்து பெரியப்பாவிடம் கெஞ்சியிருக்கலாம். செய்யவில்லை. கோடு போட்டாயிற்று என்று அவர் வாயால் கேட்கப் பயந்தேன். நாளை, நாளை மறுநாள் என்று தள்ளினேன். ஒவ்வொரு நாள் போகப்போகக் கேட்பது இன்னும் கடினமானது. அக்கா ஒரு நாளும் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில், மகள் கொடுத்த வெந்நீரை இரண்டு வாய் குடித்துவிட்டு, அக்கா எங்களை விட்டுப் போனார்.

என் கணவர் மெதுவாகக் கேட்டார்: "இங்கயே செஞ்சியில முடிச்சிடலாமா? ஊருக்குக் கொண்டுபோனா உனக்கு அலைச்சல்."

உள்ளுக்குள் எனக்கு அது ஆறுதலாகவே இருந்தது. இங்கேயே முடித்துவிட்டால் கோடு விழுந்தது யாருக்கும் தெரியாது. ஊருக்குக் கொண்டுபோய், ஒரு கட்டைகூட வராமல் அக்கா வாசலில் கிடந்தால்? இருபது ஆண்டு மண் அள்ளியவருக்கு அந்த அவமானத்தை நான் தேடிக் கொடுத்தவள் ஆவேன். சரி என்று சொல்ல வாயெடுத்தேன். மகள் குறுக்கே வந்தாள்.

"பெரியம்மாவ ஊருக்குத்தான் கொண்டுபோவணும்."

"உனக்கு ஒண்ணும் தெரியாதுடி."

"தெரியும்மா. நீ பெரியப்பா தாத்தாகிட்ட பேசலன்னும் தெரியும். கால் லிஸ்ட்டுல பாத்தேன். பேசியிருந்தா நிமிஷம் காட்டும்."

அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இறப்புச் செய்தியை மட்டும் பெரியப்பா வீட்டுக்குச் சொல்லச் சொன்னேன். அவளே சொன்னாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று கேட்கவும் பயந்தேன்.

காலை ஒன்பது மணிக்கு வேன் ஊருக்குள் நுழைந்தது. தெருவில் ஓர் ஆள் இல்லை. பால் சொசைட்டி பூட்டியிருந்தது. எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. எங்கள் வாசலில் பந்தல் இல்லை, ஒரு நாற்காலிகூட இல்லை. ஓட்டுநர் தம்பி கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இந்த ஊர்தாங்களாக்கா?" என்று கேட்டார். வேனை விட்டு இறங்காமல் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். என்னை மன்னிக்க வேண்டும், அப்படித்தான் நினைத்தேன்.

அப்போது மகள், "அம்மா, ஏரிப் பக்கம் பாரு" என்றாள்.

கரைமேல் வரிசையாக ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் தோளிலும் ஒரு கட்டை. இப்போது எல்லார் வீட்டிலும் கேஸ் அடுப்பு. விறகு யாரிடம் இருக்கிறது? செய்தி கேட்டதும் ஊர் மொத்தமும் ஏரிக்குள் இறங்கி, பட்டுப்போய் நின்ற கருவேல மரங்களை வெட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பின்னால் பெண்கள் முறங்களில் வரட்டியோடு வந்தார்கள். முன்னால் வந்தவர் கோதண்டம் மாமா. எழுபதைத் தாண்டியவர். கட்டையை எங்கள் வாசலில் போட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் இறங்கி ஓடி அவர் காலில் விழப் போனேன். "மாமா, அன்னிக்கு நாங்க பதில் சொல்லல. அக்கா மேல தப்பில்ல, எல்லாம் நான்தான்..."

"யாரு சொன்னது பதிலு வரலன்னு?"

"நான் பேசவே இல்ல மாமா."

"நீ பேசினா எவனுக்குக் கேக்கும்? ரெண்டு தரம் படிச்சான். மூணாவது தரம் படிக்கசொல்ல நான் எழுந்து இருக்காங்கன்னு சொன்னேன். ஏழுமல கேக்கறான், உன் வூட்டுக்குத்தான் சொல்லிட்டியே, மறுக்கா இன்னாத்துக்குன்னு. அடேய், இருவது வருசமா எனக்குப் பக்கத்துல மண்ணு அள்றவ. அவ பேருல கோடு போட்டா வாய்க்கா அங்கியே நின்னுபூடும், என் பங்குக்கு எங்கேர்ந்துடா தண்ணி வரும்னேன். எழுதிக்கினான்."

பிறகு அக்காவின் முகத்தருகே குனிந்தார். "போன வருசம்கூட ஒரு சாண் கொறையாத்தான் உட்டுட்டுப் போன" என்றார். பதில் சொல்ல அக்கா இல்லை. அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

நான் சொன்ன பொய், நான் சொன்ன நேரத்திலேயே உண்மையாகத்தான் இருந்திருக்கிறது. வேறு ஒருவர் அதை உண்மையாக்கியிருந்தார். அன்றே ஒரு போன் செய்திருந்தால் கோதண்டம் மாமா என்ன சொன்னார் என்று அக்காவிடம் சொல்லியிருக்கலாம். அவர் எவ்வளவு சிரித்திருப்பார். அந்தச் சிரிப்பை என் பயத்தால் இழந்தேன். இதற்கு எனக்குச் சமாதானம் இல்லை.

இன்னொன்றும் பிறகுதான் தெரிந்தது. கடைசி வாரத்தில், நான் பள்ளிக்குப் போயிருந்தபோது, அக்கா மகளிடம் சொல்லியிருக்கிறார்: "கூடை பரண் மேல இருக்குது. மம்பட்டி புடி ஆடுது, ஒரு ஆப்பு வெச்சிக்கோ. உங்க அம்மா தடுப்பா. அவளையும் இட்டுக்கினு வந்துடு." வேறு எந்தச் சொத்தைப் பற்றியும் அவர் பேசவில்லை.

அக்காவுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும், வேளை பாராமல் வந்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், வாடகை பேசாமல் ஊர் வரை வந்து, தகனக் காரியங்கள் முடியும்வரை இருந்த வேன் ஓட்டுநருக்கும், மூன்று நாள் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்ட விடாமல் சோறு கொண்டுவந்த கீழத்தெருப் பெண்களுக்கும், என் பள்ளித் தோழியருக்கும், இறுதிக் கடன் செய்த என் கணவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கட்டை கொண்டுவந்த ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே பெயர் போட நினைத்தேன். அந்தப் பெயர்கள் எல்லாம் அந்த நோட்டில் இருக்கின்றன. கோதண்டம் மாமாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வரும் ஞாயிறு ஆடி முதல் ஞாயிறு. வேலை தொடங்கும்முன் வாய்க்கால் கரையில் மறுபடி பெயர் படிப்பார்கள். மகள் மண்வெட்டிப் பிடிக்கு ஆப்பு வைத்துவிட்டாள். பாம்பு, முள், வெயில் எல்லாம் இப்போதும் எனக்கு நினைவுக்கு வருகின்றன. நேற்றுகூட அவளுக்கு ரப்பர் பூட்ஸ் தேடிக் கடைத்தெரு முழுக்க அலைந்தேன். ஆனால் தடுக்கவில்லை. நானும் வருகிறேன். அந்த எட்டு முழம் எங்களுடையது. ஒரு சாண் குறைந்தால் மாமா சொல்லட்டும்.

ஏழுமலை பெரியப்பாவுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். கூட்டத்தில் எனக்குக் குரல் எழும்பாது என்பது உங்களுக்கே தெரியும். குப்புசாமி வீடு என்று முதல் முறை படித்ததும் கொஞ்சம் பொறுங்கள். இரண்டாம் முறை படிக்க வேண்டியிருக்காது.